மத்ராவில் ஒரு வெள்ளிக்கிழமை, மலையில் ஒரு கூறு

1

மஸ்கட்டுக்கு வந்த இத்தனை வருடத்தில் நான் முழுச் சந்தோஷமாக இருந்த நாள் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு தை வெள்ளிக்கிழமை. அன்றைக்கு எனக்கு வேலை இல்லை, கூட யாரும் இல்லை. மஸ்கட்டை ஒட்டிய மத்ராவில் கடலைப் பார்த்துக்கொண்டு பொழுது சாயும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்போது மறுபடியும் தை வந்திருக்கிறது. அறையில் இருப்பவர்கள் ஜும்மா தொழுகைக்குப் போயிருக்கிறார்கள். அந்த நாளை எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் ஓட்டுவது தண்ணீர் வண்டி. படவேட்டில் இருக்கும் என் மாமனார் வீட்டார், மாப்பிள்ளை கப்பல் மாதிரி கார் ஓட்டுகிறார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்கள் சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்? இது கடலை ஒட்டிய ஊர்தான், ஆனால் பல தெருக்களுக்கு நாங்கள் கொண்டுபோய் ஊற்றினால்தான் குடிதண்ணீர். ஜவ்வாது மலையில் ஓடையில் குனிந்து வாய்வைத்துக் குடித்து வளர்ந்தவன் நான். தண்ணீருக்கு மணி அடித்துக்கொண்டு போகும் பிழைப்பு வரும் என்று எந்த ஜோசியனும் சொல்லியிருக்க மாட்டான்.

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் விடுமுறை என்று பேர். மனிதனுக்கு வெள்ளிக்கிழமையும் தாகம் எடுக்கிறதே, அதனால் எங்களுக்கு மட்டும் முறை வைத்து வண்டி ஓட்டச் சொல்வார்கள். அந்த வெள்ளி என் முறை. ஆம்பூர் கரீம் பாயிடம் கேட்டு மாற்றிக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரர், என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தவரும் அவர்தான். காலையில் நான் இஸ்திரி போட்ட டெர்லின் சட்டையை மாட்டுவதைப் பார்த்து அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா அண்ணாமல, தனியா எங்க கெளம்பிட்ட?"

"கடலுக்கு பாய்."

"கடலுக்கா? அக்கா செத்த துக்கத்துல ஏடாகூடமா எதுனா பண்ணிக்கமாட்டியே? நான் ஒன் வண்டிய ஓட்டப் போறேன், ஒன்னத் தேடிக்கினு வர முடியாது."

"இன்னிக்கி எங்க மலையில பண்டிகை பாய். சும்மா குந்திக்கினு இருந்துட்டு வர்றேன்."

"போய்ட்டு வா, போய்ட்டு வா. மீன் வாங்கினா எனக்கும் ஒண்ணு எடுத்து வையி" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

2

பண்டிகைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதற்கு என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் நடக்கிற தூரம். சாமை அறுத்து முடிந்த தையில் அம்மனுக்குப் பண்டிகை. ஊர்ப் பொதுவில் கிடா வெட்டி, கறியை மந்தார இலைகளில் கூறு போடுவார்கள். வீட்டுக்கு ஒரு கூறு. ஈரல், கொழுப்பு, எலும்பு எல்லாம் எல்லாக் கூறிலும் சமமாக இருக்கும். பிறகு ஊர்க்கவுண்டர் ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லிக் கேட்பார். "சடையன் வூடு கீதா?" வீடு இருக்கிறதா என்று அர்த்தம். வீட்டு ஆள் யாராவது, "கீது" என்று சொல்லி இலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் சடங்கு.

அந்தக் கறி ஒரு வேளைக்குக்கூடக் காணாது. ஆனால் பேர் சொல்லிக் கேட்கப்படுகிற வீடுகள்தான் எங்களுக்கு ஊர். அந்த வீடுகளில் சாவு விழுந்தால்தான் வீட்டுக்கு ஒரு கட்டை விறகு வரும். வீட்டுக்காரன் கீழ்நாட்டில் எங்கேயோ பிழைக்கப் போயிருந்தாலும் கூறு நிற்காது, அவன் வீட்டிலிருந்து ஒரு குரல் "கீது" என்றால் போதும். எங்கள் ஆட்களுக்கு மலையை விட்டு இறங்கினால் எல்லாமே கீழ்நாடுதான். செங்கமும் கீழ்நாடு, மஸ்கட்டும் கீழ்நாடு.

இன்னொரு வழக்கமும் உண்டு. கூறில் பங்கு இல்லாதவன், விருந்துக்கு வந்தவனோ வியாபாரத்துக்கு வந்தவனோ, கூறு போடும்போது பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். அடுத்தவன் பங்கில் கண் விழக் கூடாது என்பார்கள்.

நான் திருப்பத்தூரில் லாரி கிளீனராகி, டிரைவராகி, கரீம் பாய் புண்ணியத்தில் விமானம் ஏறிய பிறகு, என் வீட்டுக்குக் குரல் கொடுத்தது குப்பு அக்காதான். புருஷன் போன பிறகு என் வீட்டிலேயே இருந்தாள். என் மனைவி சரசு, மகள் செல்வியின் படிப்புக்காகத் திருப்பத்தூரில் குடியிருந்தாள். மலையில் என் அடுப்பு எரிந்தது அக்கா கையால். வருஷா வருஷம், "அண்ணாமல வூடு கீதா?" என்று கேட்டதும் அவள் போடுகிற "கீது" ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று சொல்வார்கள். எனக்கு அம்மா முகம் நினைவில்லை. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்ததும் அவள்தான்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து அக்கா போய்விட்டாள். செய்தி என் கைக்கு வந்தபோது காரியமே முடிந்திருந்தது. ஊரே விறகு கொண்டுவந்தது என்று சரசு எழுதியிருந்தாள்.

கம்பெனி ஆபீசில் போய் நின்றேன். எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் அவர்கள் பெட்டியில் இருக்கிறது, விடுமுறை இரண்டு வருஷத்துக்கு ஒருதரம். அவசர விடுப்பு கேட்டேன். அங்கே இருந்தவர் கேரளத்துக்காரர், நல்ல மனிதர். நான் வந்த புதிதில் எங்கள் மலை ஜனத்துக்கு மலையாளி என்று பேர் என்று சொன்னதைக் கேட்டு, கேரளத்தில் எந்த ஜில்லா என்று ஆசையாக விசாரித்தவர். அவர் விதிப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள் செத்தால்தான் அவசரம் என்றார். அக்காவுக்கு விடுப்பு இல்லை.

"அம்மா மாதிரி சார்" என்றேன்.

"மாதிரிக்குக் கிடையாது அண்ணாமலை" என்றார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மேஜை மேல் இருந்த தேநீரை என் பக்கம் நகர்த்தினார். நான் குடிக்கவில்லை. அன்று முழுவதும் வண்டியில் அழுதுகொண்டே ஓட்டினேன். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை, யார் பார்க்கப் போகிறார்கள்?

அழுது முடித்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. தையில் என் வீட்டைக் கேட்கும்போது யார் பதில் சொல்வார்கள்? குரல் இல்லாவிட்டால் கூறு கலைந்துவிடும். இலையில் உள்ளதைப் பிடி பிடியாக மற்ற கூறுகளில் போட்டுவிடுவார்கள். அடுத்த வருஷம் பேர் கேட்க மாட்டார்கள். மறுபடி சேர வேண்டுமென்றால், ஒரு பண்டிகையிலிருந்து அடுத்த பண்டிகைவரை அங்கேயே தங்கி அடுப்பெரித்துக் காட்ட வேண்டும். இரண்டு மாத விடுப்புக்காரனால் ஆகிற காரியமா அது?

கரீம் பாயின் டேப் ரிக்கார்டரில் ஒரு கேசட் பேசி, ஊருக்குப் போகிற ஆளிடம் கொடுத்தனுப்பினேன். எங்களுக்குப் பேச்சு என்றால் கேசட்தான். "பாப்பா, பொங்க லீவுதானே, அம்மாவ கூட்டிக்கினு மலைக்குப் போம்மா. நம்ம வூட்டப் பேர் சொல்லிக் கேப்பாங்க. நீ தைரியமா பதில் சொல்லணும்." சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன். திரும்பி வந்த கேசட்டில் செல்வி, போறோம்ப்பா என்று சொல்லியிருந்தாள். பண்டிகை வெள்ளிக்கிழமை என்றும் சொன்னாள்.

3

அதனால்தான் அந்த வெள்ளி எனக்கு அவ்வளவு லேசாக இருந்தது. காரியத்தை என் மகள் கையில் கொடுத்துவிட்டேன். இனி நான் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை.

மத்ராவில் கடலோரம் வளைந்து போகிற சாலையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒரு பக்கம் மொட்டைப் பாறை மலை, ஒரு பக்கம் கடல். வாரம் முழுவதும் தண்ணீர் சுமப்பவன் விடுமுறைக்கும் தண்ணீரைப் பார்க்க வந்திருக்கிறான் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. ஒரு கடையில் முட்டை வைத்துச் சுருட்டிய பரோட்டா வாங்கித் தின்றேன். பால் விடாத சுலைமானி டீ குடித்தேன். பிடித்துப்போய் இன்னொன்றும் குடித்தேன். யாரும் ஹாரன் அடிக்கவில்லை, யாரும் "மோயா, மோயா" என்று தண்ணீர் கேட்டுக் கத்தவில்லை. படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டேன். மலைக்காரனுக்குக் கடல் என்றால் உள்ளுக்குள் பயம்தான், முழங்காலுக்கு மேல் விடவில்லை.

ஊரில் பொழுது எங்களைவிட ஒன்றரை மணி முன்னால் ஓடும். இப்போது செல்வி பஸ்ஸில் இருப்பாள், வளைவுகளில் வாந்தி எடுக்காமல் இருக்க எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருப்பாள் என்று கணக்குப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, இப்போது நடக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு அந்த நடை பிடிக்காது. டவுன் பள்ளிக்கூடத்தில் மலையைச் சொல்லிக் கேலி செய்கிறார்களாம், போன விடுமுறையில் நான் போனபோதே, "அங்க எதுக்குப்பா" என்று முகத்தைச் சுளித்தாள். இருந்தும் எனக்காகப் போகிறாளே என்று மனசு நிறைந்துபோனது.

மீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்து மணலில் படகை இழுத்துப் போட்டு நாலைந்து பேர் மீனைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். சின்னச் சின்னக் குவியல். ஒரு கிழவர் இதிலிருந்து ஒன்று எடுத்து அதில் போடுவார், தள்ளி நின்று பார்ப்பார், திருப்தி இல்லாமல் மறுபடி மாற்றுவார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அசல் எங்கள் ஊர்க் கூறு. நான் பங்கில்லாதவன் ஆயிற்றே, பழக்கதோஷத்தில் சட்டென்று திரும்பிக் கடலைப் பார்த்து நின்றுகொண்டேன். நின்ற இடத்தை விட்டுப் போகவும் மனசில்லை.

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. "தாஆல், தாஆல்" என்று கிழவர் கூப்பிட்டார். நான் தலையை ஆட்டினேன், ஆனால் திரும்பவில்லை. அவர்களுக்கு வேடிக்கையாகிவிட்டது. கிழவரே எழுந்து வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினார். லாரி அரபியும் லாரி இந்தியும் கலந்து எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, வயிறு குலுங்கச் சிரித்தார்.

எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகு ஒரு குவியல் மிச்சம் இருந்தது. அது யாருக்கு என்று கையைக் காட்டிக் கேட்டேன்.

"காலு ஒடைஞ்சவன். ஆஸ்பத்திரி" என்று இந்தியில் சொன்னார்.

"அவன் இன்றைக்குக் கடலுக்கு வரவில்லையே?"

அதற்கு என்ன என்பதுபோலப் பார்த்தார். "படகு அவனுக்கும்தானே" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. இந்த உலகத்தில் எங்கே போனாலும் வராதவனுக்கும் ஒரு கூறு வைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று ஒரேயடியாகப் பூரித்துப்போனேன். கிழவர் தன் பங்கிலிருந்து மூன்று மீனை எடுத்து என் கையில் திணித்தார்.

4

இரண்டு மீனைச் சாயாக்கடையில் கொடுத்துப் பொரித்து வாங்கித் தின்றேன். கரீம் பாய்க்கு ஒன்றை எடுத்து வைத்தேன். நிழலில் கிடந்த சிமெண்ட் பெஞ்சில் ஒரு குட்டித் தூக்கம் போட்டேன். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஊரில் பேர் கேட்கிற நேரம்.

கண்ணை மூடிக்கொண்டேன். ஊர்க்கவுண்டர் வெள்ளையன் எனக்குப் பெரியப்பா மகன், ஒன்றாக ஆடு மேய்த்தவன். அவன் குரல் எனக்குத் தெரியும். சடையன் வூடு, பெருமாளு வூடு, பிறகு நான், எனக்குப் பின்னால் காளி வூடு. வரிசைகூட மாறாது. பெருமாளுக்கு அப்புறம் ஒரு மூச்சு விட்டு, "அண்ணாமல வூடு கீதா?" என்று அவன் கேட்பதும், என் செல்வி மெல்லிசுக் குரலில் பதில் சொல்வதும் கேட்டதுபோலவே இருந்தது. நானும் கடலைப் பார்த்து வாய்விட்டு, "கீது" என்றேன். பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தார்.

பொழுது இறங்கியதும் மீனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பாட்டுப் பாடியபடி அறைக்குத் திரும்பினேன். அவ்வளவு சந்தோஷம்.

மூன்று வாரம் கழித்துக் கேசட் வந்தது. அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். ஒருவர் வீட்டுக் கேசட் எங்கள் எல்லாருக்கும்தான். செல்வியின் குரல் அப்படியே துள்ளியது.

"அப்பா, நீ சொன்ன மாதிரியே மலைக்குப் போனோம்ப்பா. நம்ம வூட்டக் கூப்ட்டாங்க. அம்மா பொம்பளைங்களோட அடுப்புகிட்ட இருந்தாங்க, நான்தான் முன்னாடி நின்னேன். அண்ணாமல வூடு கீதான்னு கேட்டாங்க. நான் பயப்படவே இல்ல. இல்லீங்க, அப்பா ஊர்ல இல்ல, மஸ்கட்ல இருக்காருன்னு சத்தமா சொன்னேன். அவங்களுக்குக் காது கேக்கலபோல, திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. நானும் ஒவ்வொரு தபாவும் இன்னும் சத்தமா இல்லீங்கன்னு சொன்னேன். எல்லாரும் என்னையே பாத்தாங்கப்பா."

"பொண்ணு எம்மாம் தைரியமா பேசுது பாரு! மாஷா அல்லா" என்றார் கரீம் பாய்.

நான் ஆமாம் என்றேன். முகம் கழுவுகிற சாக்கில் வெளியே வந்து தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதில் சொல் என்று சொன்னவன், என்ன பதில் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூச்சு விடச் சொல்லிக்கொடுப்போமா? அவள் உள்ளதைச் சொன்னாள். கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்லும்படி பள்ளிக்கூடத்தில் பழக்கியிருக்கிறார்கள். பெற்ற பிள்ளையின் வாயால் என் வீடு இல்லாமல் போயிற்று, அந்தப் பிள்ளைமேல் கோபப்படக்கூட வழியில்லை.

அவள் அங்கே இல்லை என்று சொன்ன நேரத்தில்தான் நான் கடலோரம் "கீது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

5

போன தையில் எனக்கு விடுப்பு வந்தது. சரசு தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று படவேட்டில் இருந்துவிட்டாள். செல்வியை மட்டும் அழைத்துக்கொண்டு பண்டிகைக்கு மலை ஏறினேன். அவளிடம் வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கு முன்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டாள். பிறகு என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

கோயில் மேட்டில் வெள்ளையன் நின்றிருந்தான். என்னைப் பார்த்தால், "டேய் அண்ணாமல" என்று ஓடிவந்து முதுகில் அறைகிறவன். அன்று தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தான்.

"வாங்க அண்ணாமல. எப்ப வந்தீங்க? குந்துங்க."

அந்த "வாங்க" என் நெஞ்சில் குத்தியது. "இன்னாடா வெள்ளையா, புதுசா மரியாத?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் பழைய வெள்ளையனாகப் பேசினான். "வழக்கம் மூணு தபாடா. நான் நாலாவது தபாவும் கேட்டன். புள்ள வாயில கீதுன்னு வந்துடாதான்னு பாத்தன். அதுவும் இல்லன்னே சொல்லிச்சி. அம்மன் முன்னாடி வந்த சொல்லு, நான் இன்னா பண்றது?"

"நீ ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன். நிஜமும் அதுதான்.

வேப்பமரத்து நிழலில் எங்களுக்குக் கட்டில் போட்டு, மேலே புது ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். விருந்தாளிக்கு என்னென்ன உண்டோ எல்லாம் செய்தார்கள், சொம்பில் மோரும் வந்தது. கட்டிலை மட்டும் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தார்கள். கூறு போடுகிற இடம் எங்களுக்குப் பின்னால் இருந்தது. நான் உட்கார்ந்தேன். செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கீழே வாசலில் பூட்டுத் தொங்க என் வீட்டுக் கூரை தெரிந்தது. பின்னால் இலைகளைப் பரப்புகிற சத்தம் கேட்டது. பிறகு வெள்ளையன் தொடங்கினான்.

"சடையன் வூடு கீதா?"

"கீது."

"பெருமாளு வூடு கீதா?"

"கீது."

செல்வி என் கையைப் பிடித்தாள். வெள்ளையன் ஒரு மூச்சு விட்டான். பிறகு, "காளி வூடு கீதா?" என்றான்.

செல்வி என் காதருகே குனிந்தாள்.

"அப்பா, நான் இப்ப கீதுன்னு சொல்லட்டுமா?"

"கூப்ட்டாத்தான் பாப்பா சொல்லணும்" என்றேன்.

திரும்பிப் பார்க்கப் போன அவள் முகத்தைக் கையால் பிடித்துப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பி வைத்தேன்.